துணி காயப்போட்ட கடன்

தவசிமுத்து கம்பெனிக்குக் கட்டவேண்டிய பாக்கி மூன்று லட்சத்துப் பதினெட்டாயிரத்து நானூற்று நாற்பத்திரண்டு ரூபாய் ஐம்பது பைசா. ஐம்பது பைசா என்கிற காசை நாட்டில் யாரும் கண்ணால் பார்த்து வெகுகாலம் ஆகிறது. கம்பெனி மட்டும் அதைச் சாகவிடவில்லை. கடன் என்று வந்துவிட்டால் கம்பெனிக்கு அவ்வளவு ஞாபகம். சம்பளம் என்று வரும்போதுதான் மறதி வந்து தொலைக்கும்.

அந்தப் பணத்தை அவன் கைநீட்டி வாங்கியதில்லை. திருடிவிட்டான் என்றுதான் கணக்கு. என்ன திருடினான் என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஆவியைத் திருடினானாம்.

தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளத்தைத் தூர்த்துக் கட்டிய அமிலக் கம்பெனி அது. ஊறுகாயில் ஊற்றுகிற வினிகரில் இருக்கிற அதே புளிப்புதான். தண்ணீர் கலக்காத முரட்டுப் புளிப்பு. அசெட்டிக் அமிலம் என்று பெயர். ஒரு கொட்டகையில் அதைக் காய்ச்சி ஆவியாக்கிக் குழாயில் விடுவார்கள். குழாய் தொழிலாளர் குடியிருப்பின் நடுவே புகுந்து, ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற விற்பனைக் கொட்டகைக்குப் போகும். அந்தக் குழாயைக் காவல் காப்பதும், கசிந்தால் அடைப்பதும் தவசிமுத்துவின் வேலை. அவன் பெண்டாட்டி செல்வக்கனிக்கு விற்பனைக் கொட்டகையில் பீப்பாய் கழுவும் வேலை.

இதெல்லாம் எண்ணிக்கைச் சட்டம் வந்த பிறகு நடந்தது. எடை போட்டு விற்றால் ஏமாற்றுகிறார்கள், இனிமேல் எதையும் எண்ணித்தான் விற்கவேண்டும் என்று சர்க்கார் சட்டம் போட்டது. தராசுகளையெல்லாம் பிடுங்கி உருக்கினார்கள். அதற்குப் பதில் எண்ணிப்பெட்டி வந்தது. ஆவியில் ஒரு குடம் உள்ளே விட்டால், இத்தனை கோடானுகோடித் துகள் என்று தலையெண்ணிச் சொல்லிவிடும். கம்பெனி ரேஷன் கடையில் அரிசிகூட மணி எண்ணித்தான். சட்டம் வந்த மறுமாதமே முழு அரிசி மறைந்து குருணை வந்தது. மணி உடைந்தாலும் எண்ணிக்கைக்கு ஒன்றுதானே? ஏமாற்று இல்லை, வேண்டுமானால் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆட்களையும் அப்படித்தான் எண்ணினார்கள். புருஷன் பெண்டாட்டி இரண்டுபேரும் வேலை செய்தால் சம்பளப் பட்டியலில் அவர்கள் 'ஓர் இணை'. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஆகவே ஒரே தலை, ஒரே சம்பளம். கடன் என்றால் மட்டும் இரண்டு தலை. ஒருத்தர் பாக்கிக்கு மற்றவரும் பிணை. பாக்கி தீராமல் இரண்டுபேரில் யாருக்கும் வாசல் கதவு திறக்காது.

செல்வக்கனி வெளியே போயே ஆகவேண்டும். அவள் ஒரு காலத்தில் குழாயடியில் நின்று சத்தம் போட்டால் விற்பனைக் கொட்டகையில் மேஸ்திரி திரும்பிப் பார்ப்பான். ஒன்பது வருஷம் புளிப்புக் காற்றைக் குடித்ததில் தொண்டை வெந்து, இப்போது பேசினால் பழந்துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். கம்பெனி டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இந்தக் காத்த விட்டு வெளிய போயிருங்கம்மா. குரலோட நிக்காது, மூச்சுக்கு வந்துரும்" என்றார். பாக்கி இருக்கிறதென்று அவள் சொன்னதும், சப்புகிற மாத்திரை இரண்டு கொடுத்தார். அதற்கும் எண்ணிக்கை உண்டு.

பாக்கி எப்படி ஏறியது என்பதுதான் வேடிக்கை. காய்ச்சும் கொட்டகையில் ஒரு எண்ணிப்பெட்டி, விற்பனைக் கொட்டகையில் ஒரு எண்ணிப்பெட்டி. கிளம்பும்போது இருந்த எண்ணிக்கை போய்ச்சேரும்போது குறைந்திருக்கும். குறைந்தால் குழாய்க்காரன் தலையில் எழுத வேண்டும் என்று கணக்கதிகாரி ரோட்ரிகோ விதி போட்டிருந்தார். விதி ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறதே என்று லேபர் கோர்ட்டில் கேட்டபோது, 'மிஞ்சினால் குழாய்க்காரனுக்கு வரவு' என்று ஒரு வரி சேர்த்தார். அழகுக்குத்தான். குழாயில் போகிற ஆவி எங்கேயாவது மிஞ்சுமா?

குறைச்சல் தினசரி ஒரே மாதிரி இல்லை. மழை பெய்தால் அதிகம். ஞாயிற்றுக்கிழமை அதைவிட அதிகம். மழையன்றும் ஞாயிறன்றும் திருடுகிற கள்ளன் என்று தவசிமுத்துவுக்குப் பேர் ஆகிவிட்டது. அந்த நாட்களில் குழாய்க்குக் காவல் போட்டார்கள். காவல்காரன் குடையோடு நின்றான். குறைச்சல்தான் நின்றபாடில்லை.

ரோட்ரிகோ அவனை அறைக்குக் கூப்பிட்டுக் கேட்டார்.

"என்னவே தவசி, மழை பெஞ்சாத்தான் உமக்குக் கை அரிக்குமோ?"

"சார், ஆவிய எதுல பிடிச்சிட்டுப் போவேன்? மடியிலயா?"

"அதத்தாம்வே நானும் கேக்கேன். வித்தையச் சொல்லும்."

"சத்தியமா எடுக்கல சார். தள்ளுபடி பண்ணுங்க. அவளுக்குத் தொண்டை போயிட்டு."

"தள்ளுபடின்னா முறையாக் கேக்கணும். நின்னு, கையக் கட்டி, 'என் ஏழ்மை நிலையைக் கருதி' அப்படின்னு ஆரம்பிக்கணும். சொல்லும் பாப்போம்."

தவசிமுத்து நின்றான், கையைக் கட்டினான், சொன்னான். ரோட்ரிகோ கடைசிவரை கேட்டார். நன்றாகச் சொன்னாய் என்கிற மாதிரி தலையாட்டினார். பிறகு தள்ளுபடி இல்லை என்றார்.

கம்பெனி ஆய்வுக்கூடத்துக்குக் காயல்பட்டணத்திலிருந்து மெஹருன்னிசா என்று ஒரு பெண் வேலைக்கு வந்தாள். அவளைத்தான் குறைச்சல் எங்கே போகிறதென்று பார்க்க அனுப்பினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குழாய் நெடுக நடந்து வந்தவள், குடியிருப்பைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

குழாயே தெரியவில்லை. அது முழுக்கத் துணி. லுங்கி, சேலை, போர்வை, தலையணை உறை, பச்சைப்பிள்ளைகளின் கோவணத்துணி வரை சொட்டச் சொட்டக் கிடந்தது. உப்புக்காற்றில் கொடியில் போட்டால் அங்கே துணி காயாது. குழாய்மேல் சுற்றின தகரம் எந்நேரமும் சூடாக இருக்கும். அதனால் ஞாயிறுதோறும் துவைத்து, முழுக் குடியிருப்பும் குழாயில்தான் காயப்போடும். ஒன்பது வருஷமாக அதுதான் வழக்கம். யாருக்கும் எந்தக் கெடுதலும் வந்ததில்லை என்று நினைத்திருந்தார்கள்.

மெஹருன்னிசா ஒரு போர்வையைத் தூக்கித் தகரத்தில் கைவைத்துப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

"அக்கா, திருடன் கெடச்சிட்டான்" என்றாள்.

செல்வக்கனி கரகரத்தாள். "யாரு?"

"இந்தப் போர்வைதான்."

"அது என் போர்வையில்லா! அது எதத் திருடிச்சு?"

"எதையும் திருடல. இந்த அமிலத்துக்கு ஒரு குணம் இருக்குக்கா. சூடு கொறஞ்சா ரெண்டு ரெண்டா கையக் கோத்துக்கிடும். இதோட ரெண்டு கையும் அதோட ரெண்டு கையும். சூடு ஏறுனா கைய விட்டுட்டுத் தனித்தனியா ஓடும்."

"எங்க வீட்லயும் அப்படித்தான்" என்றாள் செல்வக்கனி. "நான் சூடாயிட்டா இவரு ஓடிப்போய் பம்ப் ரூம்ல படுத்துக்கிடுவாரு."

தவசிமுத்து கேட்காத மாதிரி நின்றான். "சரி, கை கோத்தா கோத்துட்டுப் போவுது. எண்ணிக்கை எப்படி மேடம் கொறையும்?"

"எண்ணிப்பெட்டிக்குக் கண்ணு கிடையாது அண்ணே. உள்ள இருக்கிறது சுவத்துல எத்தன தடவ முட்டுதுன்னு வச்சுத்தான் அது கணக்கெடுக்கும். ஜோடி சேந்தது ரெண்டும் ஒண்ணாத்தான் முட்டும். பெட்டி அத ஒண்ணுன்னு எழுதிரும். மழை பெஞ்சா குழாய் ஆறுது. நீங்க ஈரத்துணி போட்டா இன்னும் ஆறுது. ஆறுனா ஜோடி, ஜோடின்னா கொறச்சல்."

"அப்போ ஒண்ணுமே காணாமப் போகல?"

"ஒரு சொட்டு போகல. எடை போட்டுப் பாத்தா ஒரு நிமிசத்துல தெரிஞ்சிரும்."

"போடுங்களேன்."

"தராசு வச்சிருந்தா ஆறு மாசம் உள்ள தள்ளிருவாங்கண்ணே."

குழாய்க்குள் இஸ்ஸென்று அமிலம் போய்க்கொண்டிருந்தது, ஜோடிஜோடியாக. செல்வக்கனி தன் போர்வையை எடுத்து உதறினாள்.

"ஆக, குடுக்கும்போது மணிய ஒடச்சுக் குருணையா எண்ணுவான். எங்ககிட்டன்னா ரெண்ட ஒண்ணாக்கி எண்ணுவான். நல்லா எண்ணுதாங்கம்மா" என்றாள்.

மெஹருன்னிசா எல்லாவற்றையும் விவரமாக எழுதி மேலே அனுப்பினாள். இரண்டு கொட்டகையிலும் ஒரே அளவு சூடு வைத்தால் எண்ணிக்கை சரியாக வரும், தவசிமுத்து மேல் தப்பில்லை, பாக்கியை நீக்கவேண்டும் என்று கேட்டிருந்தாள். தவசிமுத்து அன்றைக்கே துணியெல்லாம் மூட்டை கட்டிவிட்டான். செல்வக்கனியின் அண்ணன் தேனிப்பக்கம் ஏலத்தோட்டத்தில் இருந்தான். அங்கே காற்றில் ஏலக்காய் மணக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நிர்வாகம் மெஹருன்னிசா எழுதியதை ஒருவரி விடாமல் படித்தது, ஒருவரி விடாமல் ஒத்துக்கொண்டது. அதுதான் வினையாகிவிட்டது. ரோட்ரிகோ குடியிருப்புக்கே வந்து தீர்ப்பை வாசித்தார்.

"தவசி, உம்மமேல இருந்த திருட்டுப் பட்டம் போச்சுவே. விஞ்ஞானபூர்வமா நிரூபணம் ஆயிட்டு. சந்தோசப்படும்."

"பாக்கி சார்?"

"பாக்கி அப்படியே இருக்கு. பேருதான் மாறியிருக்கு. முந்தி திருட்டு. இப்போ, கம்பெனி அமிலத்தை அனுமதியில்லாம ஜோடி சேத்துவிட்ட குற்றம்."

செல்வக்கனிதான் கேட்டாள். "முழுக் குடியிருப்பும்தான சார் துணி போட்டுச்சு?"

"ஆனா குழாய்க்காரரு ஒருத்தருதானம்மா."

மெஹருன்னிசாவுக்கு மேடைபோட்டு ஒரு கேடயம் கொடுத்தார்கள். மறுநாள் ரேஷன் கடையில் குருணை எண்ணுகிற பிரிவுக்கு மாற்றினார்கள். "மன்னிச்சிருங்கக்கா, நல்லது செய்யணும்னுதான் எழுதுனேன்" என்று அவள் கண்கலங்கியபோது, "நீ என்னம்மா பண்ணுவ. எழுதுனது நீ, படிச்சது அவங்க" என்றாள் செல்வக்கனி. குழாயில் துணி போடக்கூடாதென்று தடை வந்தது. குடியிருப்பு முழுக்க ஈரத்துணி உடுத்திக்கொண்டு திரிந்தது. குறைச்சல் கொஞ்சம் குறைந்தது. பழைய பாக்கி நகரவில்லை.

இதற்குள் மேலே யாரோ ஒரு மூளைக்காரர் அந்தக் கடிதத்தை மறுபடி படித்திருக்கிறார். ஆறினால் இரண்டு ஒன்றாகும் என்றால், சூடேற்றினால் ஒன்று இரண்டாகுமே! காய்ச்சும் கொட்டகையிலிருந்தே ஆவி பாதிக்கு மேல் ஜோடியாகத்தான் கிளம்புகிறது. விற்கிற இடத்தில் அத்தனையையும் பிரித்துவிட்டால்? விற்பது தலைக்கணக்கில்தானே? உடனே விற்பனைக் கொட்டகையில் மட்டும் பெரிய பெரிய கொதிகம்பிகளைச் சுற்றினார்கள். பெருக்கத் திட்டம் என்று பேர் வைத்தார்கள். மானேஜர் கையால் திறப்புவிழா நடந்தது. அமிலம் ஒரு சொட்டும் கூடவில்லை. எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனது. கொள்முதல்காரன் வாயைத் திறக்கவில்லை. அவனும் அவன் கொட்டகையில் கம்பி சுற்றப் போய்விட்டான்.

சந்தோஷத்தில் ரோட்ரிகோவின் அந்த அழகு வரியை எல்லோரும் மறந்துபோனார்கள். எண்ணிப்பெட்டி மறக்கவில்லை.

குழாயடிக் கம்பத்தில் ஒரு சின்னத் திரை உண்டு. குறைச்சல் என்றால் சிவப்பில் எழுத்து ஓடும். தவசிமுத்து ஒருநாள் காலையில் பார்த்தபோது பச்சையில் ஓடிற்று. அவன் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன். இரண்டுதரம் கூட்டினான். பிறகு ஓடிப்போய் செல்வக்கனியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான்.

"இங்க பாரு. 'மிகை. குழாய்க்காரருக்கு வரவு. மாதக் கடைசியில் சேரும்.' எவ்வளவுன்னு நீ சொல்லு, எனக்குக் கண்ணு ஆடுது."

"நாலு லட்சத்துச் சொச்சம்" என்றாள். மறுநாள் அது ஒன்பது லட்சம். வாரக்கடைசியில் இருபத்தாறு லட்சம். குடியிருப்பில் அவனை அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பழைய மேஸ்திரி வந்து கல்யாண வயதில் தனக்கொரு மகள் இருப்பதாகச் சும்மா சொல்லிவிட்டுப் போனான்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மத்தியானச் சங்கு ஊதியதும் வரவு தானாகக் கணக்கில் சேர்ந்துவிடும். அன்றைக்குக் காலையில் ரோட்ரிகோ குடியிருப்புக்கு வந்தார். ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக அவர்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்தார். கொடுத்த பாலில்லாத கட்டஞ்சாயாவையும் குடித்தார்.

"தங்கச்சி" என்று செல்வக்கனியைப் பார்த்து ஆரம்பித்தார். "அந்த இருபத்தாறு லட்சம் இருக்கே, அது நிஜக் காசு இல்லம்மா. கை கோத்திருந்தது கைய விட்டிருக்கு, அவ்வளவுதான். வெறும் காத்து."

"எங்க பாக்கியும் அதே காத்துதான சார்?"

ரோட்ரிகோ காலி டம்ளரைத் தள்ளி வைத்தார்.

தவசிமுத்துவுக்குக் கோபம் ஏறியது. "விதி நீங்க எழுதுனது. மாத்துங்களேன் பாப்போம்."

"மாத்தணும்னா சர்க்கார் எண்ணிக்கை வாரியம் வந்து சோதிக்கும்வே. வந்தா கொதிகம்பியப் பாப்பான். சூட்டக் கொறைக்கவும் மேல விடமாட்டாங்க. ஒரே வழிதான். சங்கு ஊதுறதுக்குள்ள நீரு வாசலத் தாண்டிட்டா பட்டியல்ல இருந்து உம்ம பேரு போயிரும், குழாய்க்காரருன்னு ஒருத்தரே இல்லைன்னா வரவு கம்பெனிக்கே. உம்ம பாக்கிய நான் தள்ளுபடி பண்ணிருதேன். மிகை வேண்டாம்னு ஒரு ரேகை வையும். இன்னைக்கே வாசல் தெறக்கும்."

"மாட்டேன்னா?"

"கேஸ் போடுவாங்க. கேஸ் முடியிற வரைக்கும் ரெண்டுபேரும் உள்ளதான். நம்ம கோர்ட்டு உமக்குத் தெரியும்லா."

தவசிமுத்து முறைத்தான். இருபத்தாறு லட்சம்! கேஸ்தானே, நடக்கட்டும் என்று அவன் மனம் துள்ளியது. திரும்பி செல்வக்கனியைப் பார்த்தான். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சத்தமே வரவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினாள், இருமிக்கொண்டே இருந்தாள். அது நின்றபோது முந்தானையில் வாயைத் துடைத்து, துடைத்த இடத்தை மடித்து மறைத்தாள். அவன் பார்த்துவிட்டான்.

"அந்தக் காசுக்கு நீரு எனக்குத் தங்கத்துலயா தொண்டை செஞ்சு போடுவீரு?" என்றாள். "ரேகைய வையும். மூச்சு வேணும் எனக்கு."

வைத்தான். ரோட்ரிகோ அந்தத் தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடினார்.

வாசல் என்பது ஒரு கண்ணாடிக் கூண்டு. எண்ணும் கருவிக்குச் சூடு ஆகாதென்று உள்ளே எந்நேரமும் ஏசி ஓடும், பல் கிட்டிக்கும். காவல்காரன் சுடலைக்கண்ணு அவர்களுடைய வெளியேறும் பாஸை வாங்கிப் பார்த்தான். 'ஓர் இணை, தலை ஒன்று' என்று இருந்தது.

"பாஸு ஒண்ணு, ஆளு ரெண்டு. எண்ணிக்கை இடிக்குதே அண்ணாச்சி."

"ஒம்பது வருசமா சம்பளத்துல ஒண்ணுதானய்யா" என்றாள் செல்வக்கனி. "அப்போ இடிக்கலையோ?"

சுடலைக்கண்ணு தலையைச் சொறிந்தான். "அப்போ ஒண்ணு மாதிரியே போங்க. கருவி ஒத்துக்கிட்டா எனக்கென்ன?"

இரண்டுபேரும் கையைக் கோத்துக்கொண்டார்கள். அவளுடைய இரண்டு கையும் அவனுடைய இரண்டு கையும். மூட்டையை நடுவில் இடுக்கி, குளிரில் ஒட்டிக்கொண்டு கூண்டுக்குள் நுழைந்தார்கள். கருவி டொக் என்றது. 'ஒன்று.' வெளிக்கதவு திறக்கும் என்று நின்றார்கள். திறக்கவில்லை. திரையில் வேறு எழுத்து வந்தது. 'பாக்கி: ஐம்பது பைசா.'

தள்ளுபடி முழு ரூபாய்க்குத்தான் செல்லுமாம். சில்லறைப் பாக்கியைக் காசாகத்தான் கட்டவேண்டுமாம். சுடலைக்கண்ணு போன் அடித்தான். ரோட்ரிகோ சட்டையெல்லாம் வேர்வையாக ஓடிவந்தார். சங்கு ஊத அதிக நேரமில்லை.

"அம்பது பைசாவுக்கு நான் எங்கவே போவேன்!" என்று தன் பையைத் துழாவி, ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துக் கருவியில் போட்டார். கருவி அதை விழுங்கியது. யோசித்தது. 'கம்பெனி தரவேண்டியது: ஐம்பது பைசா. கணக்கு நேராகாமல் கதவு திறக்காது.'

ரோட்ரிகோ கண்ணாடியில் முட்டிக்கொண்டார்.

"ஒண்ணு, நீங்க அம்பது பைசா குடுக்கணும் சார்" என்றான் சுடலைக்கண்ணு. "இல்ல, அவங்க தள்ளுபடி பண்ணணும். அந்தப் பச்சைப் பொத்தான்ல ரேகை வச்சா போதும்."

"தங்கச்சி, அமுக்கிரும்மா. சங்கு ஊதிரும்."

செல்வக்கனி அமுக்கவில்லை. அவளுக்குக் குளிரில் உதடு நடுங்கியது, ஆனால் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்துவிட்டது. தவசிமுத்து அந்தச் சிரிப்பைப் பார்த்து வருஷக்கணக்கு ஆகிறது.

"முறையாக் கேக்கணும்லா சார்?" என்றாள். "நின்னு, கையக் கட்டி."

ரோட்ரிகோ சுடலைக்கண்ணுவைப் பார்த்தார். அவன் கூரையைப் பார்த்தான். ரோட்ரிகோ நேராக நின்றார். கையைக் கட்டினார்.

"கம்பெனியோட… கம்பெனியோட ஏழ்மை நிலையைக் கருதி…"

"சத்தமா. கண்ணாடிக்கு இந்தப்பக்கம் கேக்கல."

"கம்பெனியோட ஏழ்மை நிலையைக் கருதி, அம்பது பைசாவைத் தள்ளுபடி செய்யும்படி கேட்டுக்கிடுதேன்!"

அவள் கடைசிவரை கேட்டாள். நன்றாகச் சொன்னீர்கள் என்கிற மாதிரி தலையாட்டினாள். தவசிமுத்துவின் பிடியிலிருந்து ஒரு கையை உருவி, பொத்தானில் பெருவிரலை வைத்தாள்.

கதவு திறந்தது. பங்குனி வெயில் முகத்தில் அறைந்தது. இரண்டுபேரும் கையை விட்டார்கள். பின்னால் சங்கு ஊதிற்று. தேனி பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டுக்கொண்டே அவள் முன்னால் நடந்தாள், மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் போனான். கூண்டுக்குள் திரையில் 'பாக்கி இல்லை' என்று எழுத்து வந்து, கொஞ்சநேரம் நின்று, அணைந்தது.